கோப்பிக்கு வைத்த கடலைக் கஞ்சி

பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் தலைதீபாவளி முடிந்து பஸ் ஏறி இன்றோடு நாலு நாள். வீடு சேர்ந்ததும் போன் பண்ணினாய். முறுக்கு டின் நசுங்காமல் வந்தது, வழியெல்லாம் மழை என்று அம்மாவிடம் சொன்னாய். என்னையும் கேட்டாய். அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொன்னாள். நான் குளிக்கவில்லை. போனுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்படிச் சொல்லச் சொல்லிக் கையை ஆட்டியது நான்தான். உன்னோடு பேச எனக்கு வாய் வரவில்லை. நேருக்கு நேர் சொல்லத் தைரியம் இல்லாதவன் கடிதத்தில் சொல்கிறேன், அவ்வளவுதான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுதும் படி. பாதியில் கோபம் வரும். வந்தாலும் படி.

தீபாவளிக்கு மறுநாள் காலை நீங்கள் இருவரும் முன்வாசலில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சொன்னார்: "நம்ம வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி எடுப்போம்லா. கூட்டாளி வீட்டுல அஞ்சு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு தாறேன்னான்." நீ உடனே, "வேணாங்க. என்னால ஒரு நாய் செத்துருக்கு. இன்னொண்ணு வேணாம்" என்றாய். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை, எழுந்து கோப்பையைக் கழுவப் போய்விட்டாய். எனக்குக் கையில் இருந்த பேப்பரில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. பதின்மூன்று வருஷம்! நீ மறந்திருப்பாய் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தாய், வேலைக்குப் போனாய், கல்யாணமும் ஆயிற்று. பதினைந்து வயதில் அழுததை யார் இவ்வளவு காலம் சுமப்பார்கள் என்று எனக்கு வசதியாக நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். நீ சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறாய்.

பாப்பா, கோப்பி செத்தது உன்னால் இல்லை. என்னால். இது எனக்கு இன்றைக்கோ நேற்றோ தெரிந்ததில்லை. அது உயிரோடு இருக்கும்போதே தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் தெரியாததும் கலந்துதான் வரும். அந்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது ஞாபகம் இருக்கும். டாக்டர்கள் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் அறை வாசலில் நின்றபோதுதான் தண்ணிமலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். அம்மா பிழைத்து வந்தாள். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம். வீட்டில் மீன் கிடையாது, முட்டை கிடையாது, ஒரு கருவாட்டுத் துண்டுகூட உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். தாடி வளர்த்தேன், தரையில் படுத்தேன். அப்போது நான் பெரிய பக்திமானாகிவிட்டதாக எனக்கே ஒரு எண்ணம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்க முடியவில்லை.

நமக்குச் சரி, நாய்க்கு என்ன செய்வது? கோப்பி ஆயர் ஈத்தாம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து உன் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட நாள் முதல் மீன் தலை வேகவைத்த சோறு தின்று வளர்ந்தது. பால் ஊற்றாத கோப்பி நிறம், அதனால்தான் நீ அந்தப் பெயர் வைத்தாய். விரத வீட்டில் மீன் தலையை எந்தச் சட்டியில் வேகவைப்பது? அம்மா கேட்டாள், "பாவம், அது வாயில்லாச் சீவன், அதுக்கு மட்டும் வெளியில வச்சு வேகவைக்கட்டுமா?" நான் பாய்ந்தேன். "விரதம்னா வீட்டுக்கே விரதம். நாய்க்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?" என்றேன். அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

நான் வேலை பார்த்த கிட்டங்கி, அந்தச் சரக்குக் கிடங்கு, கடலோரத்தில் இருந்தது உனக்குத் தெரியும். கப்பலில் வரும் நிலக்கடலை மூட்டைகளைத் தொங்கான் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். மழை பெய்தால் மேல் அடுக்கு மூட்டை நனையும். நனைந்த மூட்டையைப் பிரித்து, தார்ப்பாயில் கொட்டி வெயிலில் உலர்த்தி, பச்சையும் கறுப்பும் பிடித்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கோழித் தீவனக்காரர்களுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். வேலைக்காரர்கள் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நான் அரை மூட்டை வாங்கி மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். கடலையில் இல்லாத சத்தா என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். "பூஞ்சை வாடை அடிக்குதுங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாக் கழுவி, காயவச்சு, வேகவச்சா என்னா வாடை? நாய்க்குத்தானே!"

நாய்க்குத்தானே. அந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. மனிதருக்கு என்றால் நானே அந்த மூட்டையைத் தொட்டிருக்க மாட்டேன். இரவு பகல் கடலை மூட்டைக்கு நடுவே கிடந்தவன், எனக்கா தெரியாது? நம் பிள்ளை வாயில் வைக்கத் தயங்குகிற ஒன்றை இன்னொரு உயிரின் வாயில் வைக்கிறோமே என்று நின்று யோசிக்கவில்லை. நாளைக்கு உன் வீட்டில் யாருக்குச் சோறு போட்டாலும், நாய்க்கானாலும் வேலைக்கு வருகிறவருக்கானாலும், அதிலிருந்து ஒரு வாய் நீ தின்பாயா என்று கேட்டுக்கொள். உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது எனக்கே சொல்லிக்கொள்வது.

கடலையும் நொய்யும் போட்ட கஞ்சி தினமும் கோப்பிக்கு. முதலில் நன்றாகத்தான் குடித்தது. மூன்றாவது வாரம் தட்டில் மிச்சம் வைக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூட லீவு, நீ நாள் முழுக்க வீட்டில். "அப்பா, கோப்பி எளைச்சுப் போச்சு, எலும்பு தெரியுது" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். "விரதம்னா எல்லாரும் எளைக்கத்தான் செய்வாங்க" என்று நான் தமாஷ் பண்ணினேன். நீ அதற்கு மேல் என்னிடம் சொல்லவில்லை. உன் கைக்காசில் சந்துமுனைச் சீனர் கடையில் கோழிக்கறி வாங்கி, சாக்கடைப் பக்கம் உட்கார்ந்து ஊட்டியிருக்கிறாய். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. கறி சுற்றிவந்த தாளையும் எலும்பையும் அம்மா பார்த்த அன்று, கோப்பி வாந்தி எடுத்துவிட்டுத் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

அம்மா போட்ட சத்தம் உன் காதில் இன்னும் இருக்கும். "விரதம் நடக்குற வீட்டுல கறி வாங்கிப் போட்டிருக்கியேடி! என் உசுருக்கு நேந்த நேர்த்திடி இது! பாரு, மொதல்ல அந்த நாய்க்கே வந்திருச்சு. சாமி குத்தம் சும்மா விடுமா?" அவள்மேல் கோபப்படாதே. ஆபரேஷன் தழும்பு ஆறாத நேரம், கட்டி எந்த நிமிஷம் திரும்பி வருமோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தாள். அது பயம் பேசிய பேச்சு. நான் அங்கேதான் நின்றேன். "சும்மா இரு, பிள்ளையைத் திட்டாதே" என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொன்னால் எனக்கும் உன்மேல் கோபம்தான்.

மறுநாள் கோப்பியை ரோத்தான் பிரம்புக் கூடையில் வைத்து மோட்டாரில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வயதானவர், கண்ணாடி மூக்கு நுனியில். "என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எனக்கோ தாடி, கழுத்தில் மாலை, நெற்றி நிறையத் திருநீறு. நாய்க்குப் பூஞ்சைக் கடலை போடுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நாங்க சாப்புடுறதுதான் டாக்டர், சைவச் சாப்பாடு" என்றேன். அவர் நம்பினார். எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கு ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்.

அடுத்த நாலு நாள் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத முடியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நாய் சாப்பிடவில்லை, தெம்பு வேண்டுமே என்று அதே கடலையை இன்னும் நன்றாக மசித்து, வெல்லம் போட்டு, மடியில் தலையை வைத்துக்கொண்டு விரலால் வழித்து வழித்து ஊட்டினேன். அது வாயை மூடிக்கொள்ளும். நான் கெஞ்சுவேன். "குடிடா ராசா, ஒரு வாய்" என்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நக்கும். எனக்காகக் குடித்தது பாப்பா. நீ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா எவ்வளவு பாசமாக ஊட்டுகிறார் என்று நினைத்திருப்பாய்.

ஐந்தாம் நாள் டாக்டர் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறெல்லாம் மஞ்சள். கண்ணின் வெள்ளை மஞ்சள். ஊசி போட மழித்த இடத்தில் தோலும் மஞ்சள். "போன கிழமை இன்னொரு நாய் இப்பிடித்தான் வந்தது. பூஞ்சணம் பிடிச்ச சோளம் குடுத்திருக்கினம். நீங்கள் என்ன குடுத்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பூஞ்சணம் ஒரு நஞ்சைக் கக்கும். கண்ணுக்குத் தெரியாது. கெட்டதைப் பொறுக்கி எறிஞ்சாலும் நல்லதுக்குள்ளையும் இருக்கும். கழுவினாலும் போகாது, அவிச்சாலும் போகாது. நேரா ஈரலைத்தான் பிடிக்கும்."

"மருந்து இருக்குல்ல டாக்டர்?" என்றேன்.

"அதுக்கெண்டு மருந்து இல்லை. ஈரல் தானாத் தேறினாத்தான் உண்டு. நாங்கள் அதுக்கு நேரம் வாங்கிக் குடுக்கலாம், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து தினமும் காலையில் கூடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன். குளுக்கோஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். வைட்டமின் ஊசி, ரத்தம் உறைய ஒரு ஊசி. நான் அதன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வேறு என்ன செய்ய முடியும்? மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவேன், யாரோடாவது சண்டை போடச் சொன்னால் போடுவேன். சும்மா காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஒரு தண்டனை இல்லை. வீட்டில் மிச்சமிருந்த கடலையை அன்றே கடலில் கொண்டுபோய்க் கொட்டினேன். கிட்டங்கியில் சொன்னேன், இது விஷம், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று. முதலாளி தௌக்கே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் சாப்பாடும் எழுதிக் கொடுத்தார். முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் வேகவைத்த கோழி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முட்டைக் கடை வாசலில் மூன்று நாள் மோட்டாரை நிறுத்தினேன். ஒரு நாளும் இறங்கவில்லை. தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. விரதக் கையால் முட்டையைத் தொட்டு, அதனால் உன் அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால்? சிரிக்காதே, அன்றைக்கு அது எனக்கு அவ்வளவு உண்மை. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியிடம் கொடுத்து வேகவைக்கச் சொல்லியிருக்கலாம். உன்னைக் கூப்பிட்டு, "நீ செய்ததையே செய்மா" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் முழுதும் சொல்ல வேண்டிவரும். தயிர்சோறு கரைத்து ஊற்றினேன். அதுவும் நல்லதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நடுவில் இரண்டு நாள் தேறினாற்போல இருந்தது. தண்ணீர் குடித்தது, உன் குரல் கேட்டு வாலை ஆட்டியது. நீ பள்ளிக்கூடச் சட்டையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். அப்புறம் வயிறு உப்ப ஆரம்பித்தது. தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போனது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் என் தோளில் கை வைத்து, "இனிக் கொண்டுவந்து அலைக்கழிக்காதேங்கோ. வீட்டிலை பிள்ளையளோட இருக்கட்டும்" என்றார். மறுநாள் காலை நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம் கோப்பி போய்விட்டது. நீ ஒரு காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாய். அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாய்:

"அப்பா, நான் கறி குடுத்ததாலயா?"

நான் சொன்னது, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ."

நீ போனாய். இன்னொரு சப்பாத்தையும் போட்டுக்கொண்டு போனாய்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனை தடவை கேட்டிருப்பேன். என் கையால் ஒரு உயிர் போய்விட்டது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அந்தக் கையால் எப்படிக் காவடி எடுப்பது என்று நினைத்தேன். தைப்பூசம் முடியட்டும், மறுநாள் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். காவடி எடுத்தேன். நீ தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு மலைக்கோயில் படி முழுக்க என் பக்கத்திலேயே ஏறினாய். எல்லாரும் வேல் வேல் என்று கத்தினார்கள். நீ மட்டும் உதட்டுக்குள்ளேயே எதையோ சொல்லிக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "உங்க பொண்ணு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே ஏறினாளாம், எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு" என்றாள். அதைக் கேட்ட பிறகாவது சொல்லியிருக்க வேண்டாமா? இல்லை. நீ இப்போதுதான் கொஞ்சம் சரியாகியிருக்கிறாய், கிளற வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு பரீட்சை என்றேன். பிறகு மறந்திருப்பாய் என்றேன். ஒரு நாள் சொல்லாதது மறுநாள் இன்னும் கனமாகிவிடுகிறது, பாப்பா. உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால், பஸ் போனால் போகட்டும். பதில் சொல்லிவிட்டு அனுப்பு.

அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இத்தனை வருசமா வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அந்தப் பிள்ளைய நான் என்னென்ன பேச்சுப் பேசினேன்!" என்று அழுதாள். இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. கோப்பி மட்டும் கலக்கி மேசைமேல் வைத்தாள், அது ஆறிப்போய் இருக்கிறது. நீயும் பேசாமல் இருக்கலாம். உங்கள் இருவரையும் ஒன்றும் சொல்லும் நிலையில் நான் இல்லை. நாய்க்குட்டி எடு என்றும் எழுத மாட்டேன், வேண்டாம் என்றும் எழுத மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஆனால் உனக்குச் சேரவேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னேனே, அன்றைக்கு அதோடு நிறுத்தவில்லை. பழியில் பாதியாவது வேறு யார்மேலாவது விழட்டும் என்று, வெட்கம் கெட்டுப்போய், "என் மக ஒளிச்சு ஒளிச்சுக் கோழிக்கறி குடுத்துச்சு டாக்டர், அதனாலயும் இருக்குமா?" என்று கேட்டேன். பெற்ற மகளைத்தான் அப்படிக் காட்டிக்கொடுத்தேன். அந்த மனுஷனுக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கோபம் வந்தது. "என்ன கதை கதைக்கிறீங்கள்? இந்த நாய் இவ்வளவு நாள் தாங்கினதே அந்தக் கறியாலதான். அந்தப் பிள்ளை ஒருத்திதான் இதுக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுத்திருக்கிறா. வீட்டை போய் அவவிட்டைச் சொல்லுங்கோ, டொக்டர் சொன்னவர் எண்டு."

சரி டாக்டர், சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். இப்போதுதான் சொல்கிறேன்.

அப்பா